கலந்த பால்

எங்கள் குடும்பத்தில் புனிதத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தவன் என் அண்ணன். மிச்சம் மீதி ஏதாவது இருந்தால்தான் மற்றவர்களுக்கு. விடிவதற்கு முன் எழுந்து குளித்துவிட்டு, ஜன்னல் இல்லாத சின்ன அறை ஒன்றில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை மூடி உட்காருவான். வெளியே வரும்போது முகம் பளபளவென்று இருக்கும். "இது கடவுள் குடுத்ததா, சோப்பு குடுத்ததா?" என்று நான் கேட்பேன். பதில் சொல்ல மாட்டான். பதில் சொன்னால் காலையிலேயே வாய் அழுக்காகிவிடும் என்று நினைப்பு.

அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. பஸ்ஸில் உட்காரும் முன் கைக்குட்டையால் இருக்கையைத் துடைப்பான். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கைக்குட்டையைத் துவைப்பான். துவைத்த கையை மறுபடி கழுவுவான். சாவு விழுந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டான். வாசலோடு நின்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவான். வங்கியில் அடகுக்கு வருகிற நகைகளை மதிப்பிடுவது அவன் வேலை. கல்லில் உரசி, மேலே ஒரு சொட்டு திராவகம் விட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்து "கலப்பு இருக்கு" என்பான். அந்த இரண்டு வார்த்தையால் எத்தனையோ பேர் வயிற்றில் புளியைக் கரைத்தவன். வீட்டில் மனிதர்களையும் அப்படித்தான் உரசுவான். என்னை உரசிப் பார்த்து எப்போதோ ஒதுக்கி வைத்துவிட்டான். வாயாடி என்று எனக்குப் பெயர் வைத்தவனும் அவன்தான். சொந்தப் பெயரே மறந்து போகிற அளவுக்கு அது நிலைத்துவிட்டது.

அவன் பிறவியிலேயே இப்படி இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவன் மகள் சிட்டு கைக்குழந்தையாக இருந்தபோது அண்ணி ஒரு காய்ச்சலில் போனாள். ரத்தத்தில் ஏதோ கலந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்கள். என்ன கலந்தது, எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது இந்தக் கழுவல். தாயில்லாத பெண்ணைத் தனி ஆளாக வளர்த்தான். அவள் பால் பாட்டிலை அவன் கொதிக்க வைத்த வேகத்தில் வீட்டில் இருந்த ரப்பரெல்லாம் உருகிப் போயிற்று. பயம் எங்கே முடிந்தது, பக்தி எங்கே தொடங்கியது என்று அவனுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிச்சல் வரும்.

எனக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சண்டையும் இல்லை. அவர் பாட்டுக்கு அவர், என் பாட்டுக்கு நான்.

நான் வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியில், தாய்ப்பால் வங்கியில். குழந்தை குடித்தது போக மிச்சம் பால் இருக்கிற அம்மாக்கள் வந்து கொடுப்பார்கள். பால் ஊறாத அம்மாக்களின் குழந்தைகளுக்கு, முக்கியமாகக் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிற குழந்தைகளுக்கு, அது போகும். எங்கள் அறையில் ஒரு பக்கம் திரை. திரைக்குப் பின்னால் நாற்காலிகளும் பால் எடுக்கிற பம்பும். மறுபக்கம் பெரிய பிரிட்ஜுகள், வெந்நீர்த் தொட்டி மாதிரி ஒரு மெஷின். கொடுக்கிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு வருகிற பாலை நான் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையில் ஒன்றாக ஊற்றிக் கலப்பேன். அங்கிருந்து சின்னச் சின்ன பாட்டில்கள், சூடு, குளிர், லேப் பரிசோதனை, கடைசியில் வார்டு.

ஏன் கலக்க வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். ஒருத்தி பால் தண்ணீராக இருக்கும், ஒருத்தி பால் கெட்டியாக இருக்கும். ஒரு குழந்தைக்குத் தண்ணீரும் இன்னொன்றுக்குக் கெட்டியும் போனால் நியாயமா? கலந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே பால். அப்புறம் இன்னொரு விதி: யார் பால் யாருக்குப் போயிற்று என்று இரண்டு பக்கத்துக்கும் சொல்லக் கூடாது. வாயாடிக்குக் கொடுத்த வேலையைப் பாருங்கள்.

இந்த வேலையை நான் வேலையாகத்தான் செய்தேன். பாட்டிலைக் கழுவு, ஊற்று, மூடு, எண் ஒட்டு. சில நாள் குடுவையில் பால் சுழல்வதைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன். உடனே, "நின்னு கனவு கண்டா பாட்டிலை யாருடீ கழுவுவா?" என்று என்னையே திட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

சிட்டு பிள்ளையாண்டிருந்தாள். நாள் இன்னும் நிறைய இருந்தது. அவள் புருஷன் கப்பலில் வேலை. பிரசவத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஒரு நாள் மாலை வலி எடுத்து, ரத்தப்போக்காகி, அவசர அவசரமாக எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தோம். வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. சிட்டு பிழைத்துக்கொண்டாள், ஆனால் மயக்க மருந்திலேயே வைத்திருந்தார்கள். எப்போது கண் விழிப்பாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடலுக்கு நடுவே இருந்த மாப்பிள்ளைக்குப் போன் போகவில்லை.

மறுநாள் காலை குழந்தையைப் பார்க்க அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டிக்குள் கிடந்தது. என் உள்ளங்கையை விரித்தால் முதுகு முழுக்க அதில் அடங்கிவிடும். தோலுக்கு உள்ளே ஓடுகிற நரம்பு வெளியே தெரிந்தது. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய். தினமும் இப்படிக் குழந்தைகளுக்குத்தான் பால் அனுப்புகிறேன். ஆனாலும் இது நம்ம வீட்டுக் குழந்தை என்றதும் பெட்டியில் எழுதியிருந்த எடையை இரண்டு தடவை படித்தேன். அண்ணன் கண்ணாடிக்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். தொட அனுமதித்தார்கள். அவன் தொடவில்லை. கையைக் கழுவினான், துடைத்தான், மறுபடி கழுவினான். அப்புறமும் தொடவில்லை.

குழந்தை டாக்டரம்மா வந்தார். எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"குடலுக்குள்ள இப்பவே கொஞ்சம் கொஞ்சமா பால் போகணும். ட்ரிப்ஸ் மட்டும் வெச்சு நாளைத் தள்ள முடியாது. டின் பால் இந்தக் குடல் தாங்காது, புண்ணாயிடும். அம்மாவால இப்போதைக்கு முடியாது. அதனால பால் வங்கியிலேருந்து எடுத்துக் குடுக்கறோம். நீங்கதான் சம்மதம் சொல்லணும், தாத்தா."

"யாரோட பால்?" என்றான் அண்ணன்.

"நாலஞ்சு அம்மாங்களோடது சேர்ந்திருக்கும்."

அண்ணன் முகம் எனக்குத் தெரிந்த முகமாக மாறியது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்க்கிற முகம். "வேண்டாம்" என்றான். "எம்பொண்ணு முழிக்கட்டும். அவ குடுப்பா."

"அதுவரைக்கும் காத்திருக்கிறது குழந்தைக்கு ஆபத்து."

"ஊர் பேர் தெரியாத நாலஞ்சு பேர். அவங்க என்ன சாப்பிட்டாங்க, எப்படி இருக்காங்க, என்ன நெனப்புல குடுத்தாங்க, ஒண்ணும் தெரியாது. அதையெல்லாம் ஒண்ணா ஊத்தி இதுக்குள்ள விடுவீங்களா? முடியாதுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "உங்க அண்ணன்தானே? பேசுங்க. சாயங்காலத்துக்கு மேல தள்ளாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

நடைபாதையில் அவனைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கும். அன்றைக்கு உச்சந்தலைக்கே ஏறிவிட்டது.

"உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? ரத்தம் டெஸ்ட் பண்ணி, சூடு பண்ணி, மறுபடி டெஸ்ட் பண்ணித்தான் குடுக்கறோம். நான் கையால செய்யற வேலை. என்னைக்கூட நம்ப மாட்டியா?"

"கிருமி செத்துடும். மத்தது?"

"மத்தது என்ன?"

"உனக்குச் சொன்னா புரியாது, வாயாடி."

"புரியற மாதிரி சொல்லேன். கண்ணை மூடி உக்கார்றியே, அங்க யாராச்சும் வந்து சொல்லிக் குடுத்தாங்களா, பச்சைப் புள்ளைய பட்டினி போடுன்னு?"

அடி சரியாகத்தான் விழுந்தது. "சிட்டுவோட அம்மாவும் இப்படித்தான் போனா" என்றான் மெதுவாக. "வெளியிலேருந்து என்னவோ கலந்துதான் போனா."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் இரக்கப்பட்டுக்கொண்டு நிற்க நேரம் இல்லை. "சரி, வா" என்றேன். "நீயே வந்து பாரு. அழுக்கு எங்க இருக்குன்னு காட்டு. காட்டிட்டேன்னா நானே வேண்டாம்னு சொல்லிடறேன்."

வந்தான். வாசலில் கை கழுவுகிற இடத்தைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. முழங்கைவரை சோப்புப் போட்டு, நகக்கண்ணைத் தேய்த்து, அவன் கழுவிய அழகைப் பார்த்து எங்கள் சிஸ்டர், "யாரு இவரு? நமக்கே பாடம் எடுப்பாரு போலிருக்கே!" என்றாள். தொப்பி, முகமூடி, மேலங்கி எல்லாம் போட்டுக்கொண்டு உள்ளே வந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தான். தரையைப் பார்த்தான். பிரிட்ஜைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது நான் ஒரு தப்புச் செய்தேன். அன்றைக்கு வந்த பாலைக் கலக்க வேண்டியிருந்தது. அவன் கண் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன். ஒரு பாட்டிலில் பால் லேசான நீல நிறமாக இருந்தது. இன்னொன்று வெண்ணெய் மாதிரி மஞ்சள். ஒவ்வொன்றாகக் குடுவைக்குள் சாய்த்தேன். நீலமும் மஞ்சளும் ஒரு கணம் தனித்தனியாகச் சுழன்றன. அப்புறம் எது எது என்று தெரியவில்லை.

"கலக்கறியா?" என்றான். கோயிலுக்குள் யாரோ செருப்போடு நுழைந்துவிட்டதைப் பார்த்த குரல்.

"கலக்காம? சொக்கத் தங்கத்துல நகை செய்ய முடியாதுன்னு நீதானே சொல்லுவே?"

"அது நகை. இது உயிர்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாகத்தான் நான் நினைத்தேன். அவன் சொன்னதும் சரிதானே. கையில் குடுவையோடு நான் நின்றேன். மேல்மாடியில் அந்தக் குழந்தை வெறும் வயிற்றோடு கிடந்தது.

எங்கள் அறைக்கு வெளியே சுவரோரமாக ஒரு பெஞ்சு உண்டு. சின்னது, மற்றதெல்லாம் உடைந்து போய், புதிது வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தான். நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே வேலை செய்தேன். அவன் மேல் ஒரு கண் இருக்கட்டும் என்றுதான்.

அப்போது குடைக்காரி வந்தாள்.

அந்தப் பெயர் நாங்கள் வைத்தது. மழையோ வெயிலோ, ஒரு சாம்பல் நிறக் குடையை மடித்துக் கையில் வைத்தபடிதான் வருவாள். துணிக்கடையில் பில் போடுகிற வேலை. சின்ன வயசு. மடிப்புக் கலையாத புடவை, படிய வாரிய தலை. யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், ஆனால் எல்லாருக்கும் ஒரு தலையசைப்பு வைத்துவிட்டு நடப்பாள். தினமும் வருகிறவள். வருவதற்கு முன் குளித்துவிட்டுத்தான் வருவாள். சோப்பு வாசனை அடிக்கும்.

உள்ளே ஒருத்தி பம்பில் இருந்ததால் குடைக்காரி வாசலில் நிற்க வேண்டியிருந்தது. கைகளைக் கழுவினாள். அவசரமே இல்லாமல், விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, கண்ணை லேசாக மூடிக்கொண்டு கழுவினாள். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் அப்படி ஒருத்தரை மெச்சிப் பார்த்து நான் கண்டதில்லை. நல்ல தங்கத்தைக் கல்லில் உரசியதும் வருமே, அந்தப் பார்வை.

எழுந்து கதவருகே வந்து என்னைக் கூப்பிட்டான். "இந்தப் பொண்ணு குடுக்க வந்திருக்கா?"

"ஆமா."

"இவ முகத்துல ஒரு தெளிவு இருக்கு. பாத்தாலே தெரியுது, சுத்தமான வீடு. இவ பால் மட்டும் தனியா குடு. நான் சம்மதிக்கறேன்."

"அண்ணா, அப்படியெல்லாம் தனியா குடுக்கற வழக்கம் இல்ல. அதுவும் யாரு என்னன்னு..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே கேட்டுக்கறேன்."

"வேண்டாம்! அவகிட்ட ஒண்ணும் கேக்காத!" என்றேன். கையில் கையுறை, முன்னால் திறந்து கிடக்கிற குடுவை. எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு நான் வாசலுக்கு வருவதற்குள் அவன் அவள் முன்னால் போய் நின்றுவிட்டான். பிடித்தால் பிடித்த பிடி, அவன் ஜாதகமே அதுதான்.

"அம்மா, தப்பா நெனக்கக் கூடாது" என்றான். நகை மதிப்பிட வருகிறவர்களிடம் பேசுகிற மரியாதையான குரல். "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ஒண்ணு" என்றாள். ஈரக் கையை உதறிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கா குழந்தை?"

யோசிக்கிறவள் மாதிரி நின்றாள். "இல்லைங்க" என்றாள். "போயிடுச்சு. இங்கதான், மேல வார்டுல. கொஞ்ச நாள் இருந்துச்சு."

அந்தப் பெண்ணிடம் நாங்கள் யாரும் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. வருவாள், கொடுப்பாள், போவாள். அண்ணன் சாவு விழுந்த வீட்டில் தண்ணீர் குடிக்காதவன். அந்த வீட்டிலிருந்து எழுந்து குளித்துவிட்டு வந்தவள் அவனுக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றிருந்தாள்.

அவன் பின்வாங்கிவிடுவான் என்று நினைத்தேன். அவன் கால் நகரவில்லை.

"அப்புறம்... எப்படிம்மா?" என்று கேட்டான்.

"பால் வந்துக்கிட்டே இருக்குங்க" என்றாள் அவள். ஏதோ வீட்டில் குழாய் மூடவில்லை என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள். "அதுக்குத் தெரியல, குழந்தை இல்லன்னு. நேரத்துக்கு நேரம் வருது. நிறுத்தறதுக்கு மாத்திரை குடுத்தாங்க. போடல. மொத ரெண்டு தடவை கீழ ஊத்தினேன். அப்புறம் ஊத்த மனசு வரல."

"யாருக்குப் போகுதுன்னு தெரியுமா?"

"சொல்ல மாட்டாங்க. சொல்லவும் வேண்டாம். தெரிஞ்சா, போயி அந்தக் குழந்தையப் பாக்கணும்னு தோணும். பாத்தா, என்னோடது இதுன்னு தோணும்." அவள் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "தெரியாம இருக்கறதே மேல். இப்ப வார்டுக்குள்ள இருக்கற எல்லாக் குழந்தைங்களையும் நெனச்சுக்கிட்டுத்தான் எடுக்கறேன். இன்னைக்காச்சும் எல்லாம் குடிச்சுடணும்னு வேண்டிக்கிட்டு."

உள்ளேயிருந்து சிஸ்டர் கூப்பிட்டாள். குடைக்காரி எங்கள் இருவருக்கும் தலையசைத்துவிட்டு, குடையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் போனாள்.

அண்ணன் அங்கேயே நின்றான். பம்பின் சத்தம் கேட்க ஆரம்பித்தது, ஒரே சீராக, யாரோ மூச்சு வாங்குகிற மாதிரி. கொஞ்ச நேரம் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அவ பால் அந்தக் குடுவையில இருக்குமா?" என்றான். "மேல போகப்போற பாட்டில்ல?"

"சொல்லக் கூடாது, அண்ணா."

அவன் என் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொள்ள எனக்குத் தெரியும். முகத்தை மூடிக்கொள்ள நான் பழகவில்லை.

"எங்க கையெழுத்து போடணும்?" என்றான்.

அன்று வார்டுக்குப் போக வேண்டிய பாட்டில்கள் ஏற்கெனவே பனி உருகித் தயாராக இருந்தன. பரிசோதனையெல்லாம் முடிந்த, போன வாரத்துப் பால். ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே மேலே போனேன். ஆயிரம் தடவை இந்தப் படியில் பால் கொண்டு போயிருக்கிறேன். அன்றைக்குப் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இதில் இருக்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும். ஒருத்தி டீச்சர், போனில் யாரையாவது அதட்டிக்கொண்டேதான் பால் எடுப்பாள். ஒருத்தி காய்கறி விற்கிறவள், கூடையைக்கூட இறக்கி வைக்காமல் உள்ளே வரப் பார்ப்பாள். ஒருத்தி பெரிய காரில் வந்து இறங்குகிறவள். அப்புறம் இந்தக் குடைக்காரி. தெருவில் எதிரெதிரே வந்தால் ஒருத்தரை ஒருத்தர் யாரென்றே தெரியாது. என் கையில் இருக்கிற இந்தச் சின்ன பாட்டிலுக்குள் அவர்களைப் பிரிக்க இனி எந்தக் கல்லாலும் முடியாது. இத்தனை வருஷம் இதைத்தான் நான் ஊற்று, மூடு, ஒட்டு என்று செய்துகொண்டிருந்தேனா என்று இருந்தது.

வார்டு சிஸ்டர் சிரிஞ்சியில் கொஞ்சமாகப் பால் எடுத்தாள். ஒரு டீஸ்பூன்கூட இருக்காது. பின்பக்கத்து அழுத்துகிற தண்டை உருவிவிட்டு, சிரிஞ்சியைக் குழந்தையின் வாயில் இருந்த குழாயோடு இணைத்தாள்.

"இதை அழுத்தக் கூடாது. உசரத் தூக்கிப் பிடிச்சா போதும், பால் தானா இறங்கும். மெதுவாத்தான் இறங்கும். தாத்தா, நீங்க பிடிக்கறீங்களா?"

கேட்டுவிட்டு அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கினான். மறுபடி கை கழுவ வேண்டும் என்று சொல்லவில்லை. பெட்டிக்கு மேலே கையை உயர்த்தி, அந்தச் சிரிஞ்சியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான்.

பால் இறங்கவில்லை. சிஸ்டர், "பொறுங்க" என்றாள். அப்புறம் வெள்ளைக் கோடு ஒன்று குழாய்க்குள் புறப்பட்டது. நின்று நின்று போயிற்று. குழந்தையின் உதட்டருகே வந்து, உள்ளே மறைந்தது. உதடு அசைந்தது. எதையும் உறிஞ்சத் தெரியாத, உறிஞ்ச அவசியமும் இல்லாத வாய் அது. ஆனாலும் சப்புக்கொட்டுகிற மாதிரி ஒரு தடவை, இன்னொரு தடவை அசைந்தது.

அண்ணன் அந்தக் கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டான். "மாத்திக்கட்டுமா?" என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தான்; இமைக்கவே இல்லை. விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு அவன் எதைத் தேடுகிறானோ அது அந்த அறையில் வந்து நின்றிருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குக் கடவுளோடு பேச்சுவார்த்தை இல்லை என்று சொன்னேனே. அந்த நேரத்தில் யாராவது என்னிடம் பேசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சிரிஞ்சி காலியானதும் சிஸ்டர் வாங்கிக்கொண்டாள். "நல்லா ஏத்துக்கிட்டா. மூணு மணி நேரம் கழிச்சு மறுபடி" என்றாள். அண்ணன் கையை இறக்க மறந்து நின்றான். நான்தான் பிடித்துக் கீழே இறக்கினேன்.

கீழே வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். துடைக்காமல் உட்கார்ந்தான். நான் அறைக்குள் போகக் கதவில் கை வைத்தபோது அது உள்ளேயிருந்து திறந்தது. குடைக்காரி. முகம் வெளுத்துப்போய், நெற்றியில் வேர்வை. தினமும் அப்படித்தான் வெளியே வருவாள். என்னதான் இருந்தாலும் பிரசவித்த உடம்பு. குடையை எடுத்துக்கொண்டு ஒரு எட்டு வைத்தாள்.

அண்ணன் எழுந்து நின்றான்.

சும்மா எழுந்திருக்கவில்லை. சட்டென்று எழுந்து, கைகளைத் தொங்கவிட்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி நின்றான். மேனேஜர் வந்தாலும் நாற்காலியிலிருந்து அசையாதவன். யாருக்கும் அவன் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை.

அவளுக்கு அது புரியவில்லை. பெஞ்சைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "ஐயோ, நீங்க உக்காருங்கய்யா... சரி, கொஞ்சம் தலை சுத்துது" என்று சொல்லிவிட்டு, அவன் இடம் விட்டதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சு சின்னதுதான், ஆனாலும் இன்னொருவர் உட்காரலாம். அவன் உட்காரவில்லை.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டபின் அவள் நிமிர்ந்தாள். "மேல உங்க பேரக் குழந்தையா?"

"ஆமாம்மா. பேத்தி."

"பால் குடிச்சுதா?"

இவன் உளறிவிட்டால்? விதியை மீறி இவள் காலில் விழுந்துவிட்டால்? அண்ணன் வாயைத் திறந்தான். ஒரு குன்றிமணி எடைகூடக் குறைத்தோ கூட்டியோ வாழ்நாளில் சொல்லியிராத ஆள்.

"குடிச்சாம்மா" என்றான். "வயிறு நெறைய."

"அப்ப சரி" என்றாள் அவள். தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தூங்கி, விழித்து, குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறவரை அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தான். நானும் உள்ளே போகவில்லை.